வண்டி ஒன்று, கைகள் பல

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். இந்தப் பக்கம் மனை வாங்கிப் போட்டவர்களுக்கு ஒரு போன் உரையாடல் பழகியிருக்கும்.

"அண்ணே, மனையைச் சுத்தம் பண்ணணும். ஜேசிபி அனுப்புங்க."

"அனுப்பலாம் சார். மரம் இருக்கா, புதரா? தோண்டுனா பாறை வருமா? பக்கத்துல வீடு இருக்கா?"

கேட்டவருக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். வண்டி கேட்டால் வண்டியை அனுப்ப வேண்டியதுதானே, எதற்கு இத்தனை விசாரணை? ஆனால் அந்த வண்டிக்காரர் விவரம் தெரிந்தவர். அவர் விசாரிப்பது வண்டியின் முனையில் என்ன மாட்டி அனுப்ப வேண்டும் என்பதை. மஞ்சள் வண்டியைத்தான் நாம் பார்க்கிறோம். வேலை செய்வதென்னவோ அதன் நுனியில் தொங்கும் இரும்புதான். அதை 'அட்டாச்மென்ட்' என்கிறார்கள். பக்கெட், பிரேக்கர், ஆகர், ரிப்பர், கிராப்பிள், ஃபோர்க் என்று அது ஒரு பெரிய குடும்பம்.

முதலில் பெயர்களைச் சொல்லிவிடலாம். 'ஜேசிபி' என்பது வண்டியின் வகை அல்ல, ஓர் ஆளின் பெயர். ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்ற இங்கிலாந்துக்காரர் 1945 அக்டோபரில் ஒரு சின்ன வாடகைக் கொட்டகையில் தொடங்கிய பட்டறை அது. 1979இல் ஹரியானா மாநிலம் பல்லப்கரில் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து இந்தியாவுக்கு வந்தது. முன்னால் அள்ளும் வாளி, பின்னால் தோண்டும் கை என்ற இரண்டும் கொண்ட வண்டிக்கு 'பேக்ஹோ லோடர்' என்பதுதான் பொதுப்பெயர். யார் அப்படிச் சொல்கிறார்கள்? எந்தக் கம்பெனி தயாரித்தாலும் நமக்கு அது ஜேசிபிதான். 'பொக்லைன்' கதையும் அப்படியே. அது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். அதன் தொழில்நுட்பத்தில் எல் அண்ட் டி இங்கே எக்ஸ்கவேட்டர் தயாரித்த காலத்தில் நம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. இன்றும் பத்திரிகைச் செய்திகளில் ஆக்கிரமிப்பை இடிப்பது பொக்லைன் இயந்திரம்தான். தலைவர்கள் வரும்போது மேலிருந்து பூ கொட்டுவதற்கு மட்டும் ஜேசிபி.

இந்தத் தொழிலுக்கும் சென்னையின் மேற்குப் பக்கத்துக்கும் பழைய உறவு உண்டு. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நடத்திய மண்வாரி இயந்திரத் தொழிற்சாலை, பின்னாளில் கேட்டர்பில்லர் கைக்குப் போனது. ஒரகடத்தில் ஜப்பானின் கோமாட்சு ஆலை இருக்கிறது. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று இந்த வட்டாரத்தில் எழுந்த ஆலைகள் எல்லாவற்றுக்கும் முதல் நாள் வேலை ஒன்றுதான்: புதர் அகற்றி, மண் வெட்டி, தளம் சமப்படுத்துவது. கார் ஓடும் முன்பே இங்கே மண்வாரி ஓடியிருக்கிறது.

சரி, இரும்புக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? எண்ணெயிலிருந்து. பள்ளியில் படித்த பாஸ்கல் விதிதான். மூடிய குழாய்க்குள் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் ஒரே அளவாகப் பரவும். கார் டயரில் காற்றழுத்தம் 2 பார் அளவில் இருக்கும். மண்வாரி வண்டியின் ஹைட்ராலிக் குழாயில் ஓடும் எண்ணெயின் அழுத்தம் 200 பாரைத் தாண்டும். 10 செ.மீ. விட்டமுள்ள ஒரு பிஸ்டனின் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் 200 கிலோ அழுத்தினால் மொத்தம் பதினைந்தரை டன். ஆள் கையால் தொடும் லீவரோ சுண்டுவிரல் பலத்தில் நகரும்.

அதே எண்ணெயைக் குழாய் வழியாகக் கையின் நுனிவரை கொண்டுபோய்விட்டால், அங்கே எதை வேண்டுமானாலும் இயக்கலாம். சுழலும் மோட்டார் வைத்தால் துளைபோடும் ஆகர். அடிக்கும் பிஸ்டன் வைத்தால் பாறை உடைக்கும் பிரேக்கர். பற்றும் விரல்கள் வைத்தால் கிராப்பிள். ஒரு வண்டி இருந்தால் போதும், கையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இப்படித்தான் தொழிலாகியது.

இந்த எண்ணத்தை உச்சத்துக்குக் கொண்டுபோன வண்டி பிறந்த கதை வேடிக்கையானது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராத்சே என்று ஒரு சிற்றூர். அங்கே பட்டறை வைத்திருந்தவர்கள் சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் என்ற சகோதரர்கள். வான்கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் அவர்களிடம் வந்தார். கொட்டகைக்குள் தூண்கள் நெருக்கமாக இருக்கின்றன, டிராக்டர் திரும்பவில்லை, எச்சத்தை ஆள் வைத்து அள்ளி மாளவில்லை என்றார். இருந்த இடத்திலேயே சுற்றித் திரும்பும் மூன்று சக்கரக் குட்டி வண்டி ஒன்றை 1957இல் செய்துகொடுத்தார்கள். மெல்ரோ என்ற நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு நான்கு சக்கரமாக்கியது. 1962இல் 'பாப்கேட்' என்று பெயர் வைத்தது. அது குட்டை வாலுள்ள ஒரு காட்டுப்பூனையின் பெயர். இந்த வண்டியில் முன்சக்கரம் திரும்பாது. இடது பக்கச் சக்கரங்களை நிறுத்தி வலது பக்கத்தை ஓட்டினால் வண்டி இடது பக்கம் சறுக்கித் திரும்பும். 1970இல் அட்டாச்மென்ட்டைச் சட்டென்று கழற்றி மாட்டும் ஏற்பாடும் அதற்கு வந்தது. சென்னைத் தெருக்களில் குப்பையும் கட்டட இடிபாடும் அள்ளும் அந்தச் சின்ன வண்டியைப் பார்த்து 'பாப்கேட் வந்துடுச்சு' என்கிறோமே, அதன் பூர்வீகம் ஒரு வான்கோழிக் கொட்டகை.

வான்கோழி எச்சத்துக்குப் பிறந்த வண்டிக்கு ஸ்ரீபெரும்புதூர் மண் லேசாக இருக்காது. இந்த வட்டாரத்தின் தரைக்கு ஒரே குணம் கிடையாது. நிலவியலாளர்கள் ஊர்ப் பெயரையே வைத்து 'ஸ்ரீபெரும்புதூர் படிவங்கள்' என்று அழைக்கும் பழைய களிப்பாறை அடுக்குகள் இங்கே உண்டு. டைனோசர் காலத்துச் செடி கொடிகளின் தடங்கள் அவற்றில் கிடைத்திருக்கின்றன. சில இடங்களில் மேலே செம்புரைக்கல். சில இடங்களில் மழையில் குழைந்து, வெயிலில் வெடிக்கும் களிமண். பக்கத்துப் பல்லாவரத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவிதான் இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்ட பழைய கற்காலக் கருவி. பிடியே இல்லாத அந்தக் கல்லையும் ஒரு அட்டாச்மென்ட் என்று சொல்லலாம், மாட்டிய வண்டி மனிதக் கை.

மண் இப்படி மாறுவதால்தான் போனில் அத்தனை கேள்வி.

சாதாரண வாளியிலேயே கவனிக்க வேண்டியது இருக்கிறது. பின்பக்க வாளிகள் ஓரடி, இரண்டடி, மூன்றடி என்று பல அகலங்களில் கிடைக்கும். 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீர்க் குழாய் பதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 30 செ.மீ. அகல வாளியில் தோண்டினால் 9 கன மீட்டர் மண் வெளியே வரும். 60 செ.மீ. வாளி என்றால் 18. அத்தனையையும் திரும்ப உள்ளே தள்ளி இறுக்க வேண்டும். இறுகாத மண் அடுத்த மழையில் உட்காரும், மேலே போட்ட சிமென்ட் தளம் விரிசல் விடும். வாளி மாற்ற ஆகும் பத்து நிமிடத்துக்குச் சோம்பல்பட்டு, மாட்டியிருக்கும் அகல வாளியிலேயே தோண்டச் சொல்வது பல மனைகளில் நடக்கிறது.

பள்ளத்தைப் பற்றி இன்னொன்று. ஐந்தடிக்கு மேல் ஆழமான பள்ளத்தில் ஆள் இறங்க வேண்டுமென்றால் பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கக் கூடாது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. இடுப்பளவு மண்ணில் சிக்கினாலே ஆளை இழுத்து எடுக்க முடியாது, மார்பு மூடிவிட்டால் மூச்சே விட முடியாது. மழைக்காலக் களிமண் சொல்லிக்கொண்டு சரியாது.

ஆகர் என்பது பெரிய திருகாணி. வேலிக்கால் நட, கன்று வைக்கக் குழி போட அது நல்ல கருவி. ஆனால் களிமண்ணில் ஆகர் சுற்றும்போது குழியின் பக்கச் சுவரைப் பானை போல் வழவழவென்று தேய்த்துவிடும். கன்றின் வேர் அந்தச் சுவரைத் துளைக்க முடியாமல் உள்ளேயே வளையம் வளையமாகச் சுற்றும். கடப்பாரையால் சுவரை நாலு பக்கமும் கொத்திவிட்டுக் கன்று வைத்தால் பிரச்சினை இல்லை. தென்னைக்கு மூன்றடிக்கு மூன்றடி சதுரக் குழி வேண்டும், அதற்கு ஆகரை விட வாளியே மேல். ஆகர் சுற்றும்போது வேட்டி, லுங்கி, துப்பட்டாவோடு யாரும் அருகில் நிற்கக் கூடாது. துணியின் ஒரு நூல் சிக்கினால் போதும்.

பாறை வந்தால் பிரேக்கர். உள்ளே ஒரு பிஸ்டன், அதன் தலைமேல் நைட்ரஜன் வாயு அறை, கீழே உளி. எண்ணெய் பிஸ்டனைத் தூக்கும்போது வாயு சுருங்கும். எண்ணெய் வழிவிட்டதும் வாயு விரிந்து பிஸ்டனை உளிமேல் அறையும். உளி கல்லில் அழுந்தியிருக்கும்வரை அடியின் வேகம் கல்லுக்குள் போகும். அந்தரத்தில் அடித்தால் அது கருவிக்குள்ளேயே திரும்பிவரும். இதனால் பிரேக்கர் ஓட்டுவதில் அனுபவசாலி யார் என்பதைச் சத்தத்திலேயே தெரிந்துகொள்ளலாம். கல் உடைந்த நொடியில் அவர் நிறுத்திவிடுவார். ஒரே இடத்தில் நிமிடக்கணக்காக அடித்துக்கொண்டே இருந்தால் உளி முனை சூடேறி மழுங்கும். அரை நிமிடத்தில் உடையவில்லை என்றால் இடத்தை மாற்றி, விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். உளியையே நெம்புகோலாக்கிக் கல்லைப் புரட்டினால் உளி முறியும், முறிந்த செலவு யாருடையது என்று சண்டை வரும். பக்கத்து வீட்டுச் சுவரில் ஏற்கெனவே விரிசல் இருக்கிறதா என்று வேலைக்கு முன்பே போட்டோ எடுத்து வைப்பதும் சண்டையைக் குறைக்கும்.

இப்போது இந்தத் தொழிலில் உயிர் போகும் இடத்துக்கு வருவோம். அதில் முதலாவது, கை மாற்றும் நேரம்.

முன்பெல்லாம் வாளியை மாற்ற இரண்டு கனமான பின்களைச் சம்மட்டியால் தட்டி எடுக்க வேண்டும். இப்போது பல வண்டிகளில் 'குயிக் கப்ளர்' இருக்கிறது. ஓட்டுநர் கேபினில் உட்கார்ந்தபடியே ஒரு சுவிட்சைத் தட்டினால் பழைய வாளி கழன்று, புதிய கருவி கவ்வும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் சில வகைக் கப்ளர்களில் கவ்விய பிறகு ஆள் இறங்கிப்போய்ப் பாதுகாப்புப் பின்னைக் கையால் செருக வேண்டும். அவசரத்தில் அது விடுபடும். மேலிருந்து பார்த்தால் வாளி சரியாக மாட்டியது போலவே இருக்கும். தூக்கித் திருப்பும்போது நழுவி விழும். இங்கிலாந்தில் இப்படி விழுந்த வாளிகளுக்கு அடியில் தொழிலாளர்கள் இறந்தபிறகுதான், கழன்றாலும் தாங்கிப் பிடிக்கும் இரண்டாவது பூட்டு வேண்டும் என்ற பேச்சே பலப்பட்டது.

மாட்டியதும் கருவியைத் தரையை ஒட்டியே வைத்து, உள்ளே மடக்கி, வெளியே நீட்டி, தரையில் அழுத்திப் பார்க்க வேண்டும். பின் பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். மொத்தம் ஒரு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் ஹெல்பர் பையன் வாளிக்குக் கீழே நிற்கக் கூடாது. வேடிக்கை பார்ப்பவர்களும்தான். 2019இல் ஜேசிபி தோண்டும் வீடியோக்களை நாடே உட்கார்ந்து பார்த்ததும் அதை வைத்து ஊரே கேலி செய்ததும் நினைவிருக்கும். போனில் பார்ப்பதில் ஆபத்தில்லை.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்கே தெரியாது. அட்டாச்மென்ட் மாற்ற மாற்ற எண்ணெய்க் குழாய்களும் இணைப்புகளும் தேயும். ஊசிமுனை அளவு ஓட்டை விழும். வெளியே வரும் எண்ணெய் மெல்லிய புகை போலத் தெரியும். எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பது பட்டறைப் பழக்கம். 200 பார் அழுத்தத்தில் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே கொசு கடித்த புள்ளி போலத்தான் இருக்கும், அதிகம் வலிக்கவும் செய்யாது. சில மணி நேரத்தில் விரல் வீங்கி, உள்ளே சதை அழுகத் தொடங்கும். தாமதித்தால் விரலையோ கையையோ எடுக்க வேண்டிவரும். எண்ணெய் பட்ட இடத்தைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தவர்கள் இழந்திருக்கிறார்கள். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். எண்ணெய் உள்ளே பாய்ந்துவிட்டது என்ற சந்தேகம் வந்தாலே, அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய், 'ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போய்விட்டது' என்று இதே வார்த்தைகளில் சொல்ல வேண்டும். சின்னப் புள்ளியைப் பார்த்து மருந்து தடவி அனுப்பிவிடும் அபாயம் இருப்பதால் இந்த வார்த்தைகள் முக்கியம். வீட்டுப் பிள்ளை மண்வாரி வண்டியில் ஹெல்பராகப் போகிறான் என்றால், அவன் அம்மாவுக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

ஓட்டுநர் மேலே பார்க்க மறக்கும் இன்னொன்று மின்கம்பி. தோண்டும் கையை மடக்காமல் வண்டியை நகர்த்தினால் உயரத்தில் உரசும். உரசிவிட்டால் ஓட்டுநர் கேபினிலேயே இருக்க வேண்டும், மற்றவர்கள் வண்டியைத் தொடக் கூடாது, மின்வாரியம் இணைப்பைத் துண்டிக்கும்வரை.

இத்தனை கைகளும் வந்தபிறகும் இங்கே ஜெயிக்க முடியாமல் திணறும் எதிரி ஒன்று இருக்கிறது. சீமைக் கருவேலம்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் என்று இந்தப் பகுதி முழுக்க ஏரி மாவட்டங்கள். ஆலைகளுக்கு நடுவிலும் ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், செம்பரம்பாக்கம் என்று ஏரிகள் கிடக்கின்றன. பல ஏரிகளின் கரையிலும் உள்வாயிலும் முள்காடு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1870களில் இந்தியாவுக்கு வந்த மரம் இது. பின்னாளில் விறகுக்கும் வேலிக்கும் என்று ஊர் ஊராக விதைக்கப்பட்டது. ஏழை வீட்டு அடுப்பை அது எரித்தது உண்மை. ராமநாதபுரம் பக்கம் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் உண்மை. ஏரிக்குள் வந்ததுதான் தொல்லை.

2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் மாநிலம் முழுவதும் ஜேசிபிகள் கருவேலங்காட்டுக்குள் இறங்கின. இடையில் தடை வந்தது, நிபுணர்கள் கருத்துக் கேட்கப்பட்டது. 2022இல் அந்நியக் களைத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழக அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. இத்தனைக்கும் நடுவில் அகற்றிய இடங்கள் பலவற்றில் மரம் திரும்பி வந்துவிட்டது. காரணம், பெரும்பாலும் எந்த அட்டாச்மென்ட் போட்டார்கள் என்பதில் இருக்கிறது.

புதர் வெட்டும் பிளேடு சுழன்று போனால் பத்து நிமிடத்தில் தரை பளிச்சென்று தெரியும். போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் கருவேலத்தின் உயிர் தரைக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேரும் கழுத்தில் இருக்கிறது. அங்கே உறங்கும் மொட்டுகள் வெட்டியதும் விழித்துக்கொள்ளும். ஒரு தண்டு இருந்த இடத்தில் நான்கைந்து வரும். வெட்டியது விவசாயிக்கு அல்ல, மரத்துக்குச் செய்த கவாத்து.

அடுத்தது முன்பக்க வாளியால் தள்ளுவது. மரம் சாயும். கூடவே அரையடி மேல்மண்ணும் போகும், ஏரிக்குள் குண்டும் குழியுமாகும், அடிவேர் பாதி உள்ளேயே நிற்கும். இந்த வேலைக்குச் சரியானது ரிப்பர் என்ற ஒற்றைப் பல். பின்பக்கக் கையில் மாட்டி, மரத்தைச் சுற்றிலும் பக்கவேரை அறுத்துவிட்டு, கழுத்துக்குக் கீழே பல்லைக் கொடுத்துத் தூக்கினால் கட்டையோடு வரும். அள்ளுவதற்கு வாளியை விடச் சீப்பு போன்ற கிராப்பிள் நல்லது. முள்ளையும் கட்டையையும் பற்றிக்கொள்ளும், உதறினால் மண் இடைவெளி வழியே கீழே விழுந்துவிடும். ஏரி மண் ஏரியிலேயே இருக்கும். வேலை மெதுவாகத்தான் நடக்கும். மணிக்கணக்கில் வாடகை போகிறதே என்று நினைக்கும் குத்தகைதாரருக்கு இது பிடிக்காது. ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம் போடாமல், வேரோடு எடுத்த கட்டைகளைப் பார்த்துப் பணம் கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் அவரும் ரிப்பர் மாட்டுவார்.

அதற்குப் பிறகும் வேலை மிச்சம் இருக்கிறது. ஆடும் மாடும் கருவேலக் காய்களைத் தின்று, விதையைச் சாணத்தோடு ஏரி முழுக்கப் போட்டு வைத்திருக்கும். மரம் போனதும் வெயில் தரையில் விழும், மழை வந்ததும் அவை முளைக்கும். அடுத்த இரண்டு, மூன்று பருவத்துக்கு, மழை நின்று மண் ஈரமாக இருக்கும்போதே நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிட்டால் ஆணிவேர் இறங்கிவிடும், அப்புறம் மறுபடி ரிப்பர்தான். நாற்றுப் பிடுங்குவதற்கு எந்தக் கம்பெனியிடமும் அட்டாச்மென்ட் இல்லை. காலையில் சோற்றுத் தூக்கோடும் களைக்கொத்தோடும் ஏரிக்கரையில் வரிசையாக இறங்கும் ஊரக வேலைத் திட்டப் பெண்கள்தான் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது.